உட்கார்ந்து ஆடுபவருக்கு எந்த ஹெட்செட்?

கண்ணை மூடி மெய்நிகர் உலகைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை நின்றுகொண்டு ஆடுபவரை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. அவர் வாளைச் சுழற்றுவார், சுவரோரம் பதுங்கிச் சுடுவார். அவருக்குக் கைக்கருவிகளின் தரம் முக்கியம். அறைக்குள் நடமாடும்போது காலில் கம்பி சிக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். காரோ விமானமோ ஓட்டுவதைத் தத்ரூபமாகக் காட்டும் சிமுலேட்டர் ஆடுகிறவரின் கதை வேறு. அவர் ஸ்டியரிங்கையோ ஜாய்ஸ்டிக்கையோ பிடித்தபடி ஒரே நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். ஹெட்செட்டோடு வந்த கைக்கருவிகள் பேட்டரி இறங்கி அலமாரியில் தூங்குகின்றன.

ஆகவே நமக்கு வேண்டியவை மூன்றே. தொலைவில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டாவது மணி நேரத்திலும் முகம் வலிக்கக் கூடாது. வைத்திருக்கும் கணினி அந்தத் திரைக்கு ஈடுகொடுக்க வேண்டும். மூன்றாவதை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. பெட்டியில் அச்சிட்டிருந்த பெரிய எண்ணை நம்பி என் முதல் ஹெட்செட்டை வாங்கினேன். யானையை வாங்கிக் கொல்லையில் கட்டிய பிறகுதான் தீனிக் கணக்கு தெரிந்தது. எல்லா அமைப்புகளையும் குறைத்து, மங்கலான படத்தில் ஆறு மாதம் ஓட்டிவிட்டு விற்றுவிட்டேன்.

தெளிவிலிருந்து தொடங்கலாம். ஒரு கண்ணுக்கு இத்தனை பிக்சல் என்று நிறுவனங்கள் சொல்லும் எண் பாதி உண்மைதான். அந்தப் பிக்சல்கள் எத்தனை பாகைப் பார்வைக்குள் பரப்பப்பட்டிருக்கின்றன என்பதே மீதி. ஒரு பாகைக்கு எத்தனை பிக்சல் என்று கேளுங்கள். நல்ல பார்வையுள்ள கண் பாகைக்கு ஏறத்தாழ 60 பிக்சல் வரை பிரித்தறியும். 27 அங்குல, 2560 பிக்சல் அகலமுள்ள சாதாரணத் திரையை 70 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்த்தால் பாகைக்குச் சுமார் 55 கிடைக்கும். மெட்டா குவெஸ்ட் 3-இல் அது 25. அதன் மலிவான தம்பியான 3எஸ்-இல் 20. பிமாக்ஸ் கிரிஸ்டல் லைட்டில் 35. கிரிஸ்டல் சூப்பரின் கூர்மையான லென்ஸ் தொகுதியில் 57. அதாவது, மேசைத் திரையில் பல ஆண்டுகளாகப் பழகிய கூர்மையை ஹெட்செட்டுகள் இப்போதுதான் எட்டிப் பிடிக்கின்றன. முதல் முறை போட்டுப் பார்ப்பவர் ‘இவ்வளவுதானா’ என்று முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். ஆழம் கண்ணுக்குப் புரியத் தொடங்கினால் அந்தச் சுளிப்பு போய்விடும் என்பது வேறு விஷயம்.

இந்த எண்களைக் களத்தில் வைத்துப் பார்ப்போம். பத்து மீட்டர் இறக்கை அகலமுள்ள போர் விமானம் ஐந்து கிலோமீட்டர் தொலைவில் நேருக்கு நேர் வருகிறது. கண்ணுக்கு அது பாகையில் ஒன்பதில் ஒரு பங்குதான். குவெஸ்ட் 3-இல் அதற்கு மூன்று பிக்சல் கூடக் கிடைக்காது. கிரிஸ்டல் லைட்டில் நான்கு, சூப்பரில் ஆறரை. போர் விமானச் சிமுலேட்டரான டி.சி.எஸ். வேர்ல்டில் யார் யாரை முதலில் பார்க்கிறார் என்பதை இந்த இரண்டு மூன்று பிக்சல்கள் தீர்மானித்துவிடும். கார்ப் பந்தயத்துக்கு வாருங்கள். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் ஒரு மீட்டர் அகலப் பலகை 150 மீட்டர் தொலைவில் நிற்கிறது. குவெஸ்ட் 3-இல் அது ஒன்பதரைப் பிக்சல், லைட்டில் பதின்மூன்று. இரண்டிலுமே பலகை கண்ணில் படும். பிரேக்கும் சரியான இடத்தில் விழும். விமானம் ஓட்டுபவர் தெளிவுக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு காசும் அவரிடம் திரும்பி வருகிறது. கார் ஓட்டுபவருக்குப் பாதிதான் வருகிறது என்பது என் கணக்கு. விமானிக்குக் கருவிப் பலகை வேறு இருக்கிறது: 70 செ.மீ. தொலைவிலுள்ள நான்கு மில்லிமீட்டர் எழுத்துக்கு, பாகைக்கு 25 பிக்சல் தரும் ஹெட்செட்டில் எட்டுப் பிக்சல். படிக்கலாம், ஆனால் முன்னே குனிந்து. 35-இல் குனிய வேண்டியதில்லை.

எண்ணில் வராத ஒன்று லென்ஸ். பழைய ஃபிரெனல் லென்ஸ்களில் நடுப்பகுதி மட்டும் தெளிவாக இருக்கும். ஓரம் மங்கும், வெளிச்சத்தைச் சுற்றிக் கதிர்க்கோடுகள் தெரியும். நடுவைத் தவிர வேறெங்கு பார்க்க வேண்டுமானாலும் தலையையே திருப்ப வேண்டும். கருவியில் ஒரு கண், ஓடுபாதையில் ஒரு கண் என்று பழகியவருக்கு இது பெரும் தொல்லை. குவெஸ்ட் 3-இல் உள்ள பான்கேக் லென்ஸ் ஓரம் வரை தெளிவு தரும். கண்ணை மட்டும் கீழே இறக்கி வேகமானியைப் படித்துவிடலாம். பெட்டியில் உள்ள எண்ணில் குவெஸ்ட் 3-இலிருந்து பெரிய இடைவெளி இல்லாத பழைய கருவிகள் பயன்பாட்டில் அதற்குப் பின்தங்கிப் போனது இதனால்தான். 3எஸ்-இல் இன்னும் ஃபிரெனல்தான் இருக்கிறது. சிமுலேட்டருக்கென்றே வாங்குகிறவர் அதைத் தவிர்த்து 3-க்குப் போவதே நல்லது. கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் 3எஸ்-இல் மூன்றே நிலைகளில்தான் வைக்க முடியும்; 3-இல் சக்கரத்தைத் திருப்பி நுட்பமாகச் சரிசெய்யலாம். கண்ணாடிக் கடையில் சட்டம் வாங்கும்போது அளக்கும் அந்தத் தூரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அது பொருந்தாவிட்டால் எத்தனை பிக்சல் இருந்தும் தலைவலிதான் மிஞ்சும்.

இனித் தீனிக் கணக்கு. கிரிஸ்டல் லைட்டில் ஒரு கண்ணுக்கு 2880 பெருக்கல் 2880. பெருக்கினால் 82,94,400 வருகிறது. ஒரு 4கே திரையின் 3840 பெருக்கல் 2160-ஐப் பெருக்கினாலும் அதே எண்தான், ஒரு பிக்சல் கூடக் குறையாமல். ஆக, இந்த ஹெட்செட்டைப் போடுவது இரண்டு 4கே திரைகளை விநாடிக்கு 72 அல்லது 90 முறை வரைவதற்குச் சமம். அதோடும் முடியவில்லை. லென்ஸ் படத்தை வளைப்பதை ஈடுகட்ட, கணினி திரையில் உள்ளதைவிடப் பெரிதாக வரைந்து பிறகு சுருக்குகிறது. சூப்பரில் இரண்டு கண்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 95 லட்சம் பிக்சல். குவெஸ்ட் 3-இல் 91 லட்சம், ஒரு 4கே திரையை விடச் சற்றே அதிகம்.

இந்தச் சுமையை எல்லாச் சிமுலேட்டர்களும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. 2014-இல் முழு வடிவில் வந்த கார்ப் பந்தயச் சிமுலேட்டரான அசெட்டோ கோர்சா நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டிலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். ஐ-ரேசிங்கும் பெரிதாகப் படுத்தாது. அசெட்டோ கோர்சா காம்படிசியோனே அன்ரியல் எஞ்சினில் கட்டப்பட்டது; வி.ஆரில் கனம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் பெருநகரத்தின் மேல் தாழப் பறந்தால் கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்க, செயலி மூச்சுத் திணறும். அங்கே கார்டை மாற்றிப் பயனில்லை. எனவே நீங்கள் அதிகம் ஆடும் ஒரு சிமுலேட்டரை எடுத்துக்கொண்டு, இருக்கிற 4கே திரையில் நல்ல அமைப்புகளோடு விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று பாருங்கள். 90-க்கு மேல் எளிதாக வந்தால் குவெஸ்ட் 3-க்கு உங்கள் கணினி போதும். 60-ஐத் தொடவே தடுமாறினால் கிரிஸ்டல் லைட்டைப் பற்றிய யோசனையைக் கார்டு மாற்றும் நாள் வரை தள்ளிவையுங்கள். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090, 5090 வரிசைக் கார்டு இல்லாமல் சூப்பரை வாங்குவது நான் செய்த அதே தவறுதான், இன்னும் பெரிய தொகையில்.

கணினி பின்தங்கினால் படங்களில் பாதியை மென்பொருளே ஊகித்து நிரப்பும் வசதி எல்லாக் கருவிகளிலும் உண்டு: கணினி விநாடிக்கு 45 தந்தால் கண்ணுக்கு 90 காட்டும். உயரத்தில் பறக்கும்போது இதில் குறை தெரியாது. ஆனால் சுழலும் புரொப்பெல்லரைச் சுற்றிக் காட்சி கூழ்போல் நெளியும். பந்தயத்தில் பக்கவாட்டில் விரையும் வேலிகளும் அப்படியே. விமானிக்கு 45 ஒத்துவரும். கார் ஓட்டுபவர் முழு 90-ஐக் கைவிடக் கூடாது. தெளிவைக் குறைத்தாவது அதைக் காப்பாற்ற வேண்டும்.

கண் பார்க்கும் இடத்தை மட்டும் கூர்மையாக வரைந்து சுற்றுப்புறத்தை மலிவாக வரையும் உத்தி இந்தச் சுமையைக் கணிசமாகக் குறைக்கும். டி.சி.எஸ். இதை ஆதரிக்கிறது. ஆனால் கண்ணைப் பின்தொடரும் கேமரா ஹெட்செட்டில் இருக்க வேண்டும். கிரிஸ்டல் சூப்பரில் இருக்கிறது, லைட்டில் இல்லை. குவெஸ்ட் 3-இலும் இல்லை. பிக்ஸ்கிரீன் பியாண்ட் 2 என்ற ஹெட்செட்டுக்கு அந்த வசதியுள்ள 2இ என்ற வடிவம் தனியே உண்டு.

அடுத்தது கம்பி. நின்று ஆடுபவருக்கு அது எதிரி. நாற்காலியில் இருப்பவருக்கு, தோள்வழியே பின்னால் போகும் ஒரு கம்பியால் என்ன நட்டம்? கம்பியில்லாமை என்பதற்காக நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது கம்பியில் என்ன போகிறது என்பதைத்தான். கிரிஸ்டல், பியாண்ட், பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 ஆகியவற்றுக்கு, கணினித் திரையை இணைக்கும் டிஸ்பிளேபோர்ட் வழியே படம் நேராகப் போகிறது. குவெஸ்டுக்கு யு.எஸ்.பி.யோ வைஃபையோ எதுவானாலும், கணினி படத்தைச் சுருக்கி அனுப்ப, ஹெட்செட் விரித்துக் காட்டுகிறது. விரைந்து ஓடும் புல்தரையிலும் இரவு வானத்தின் மங்கல் சரிவிலும் அந்தச் சுருக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும். சுருக்கி விரிப்பதால் தாமதமும் உண்டு. தலையைத் திருப்பும் வேகத்தில் அது தெரியாது, ஏனெனில் அதை ஹெட்செட்டே கடைசி நொடியில் சரிசெய்துவிடுகிறது. கார் வழுக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளிக்கும் அந்தக் கணத்தில்தான் கூர்மையான கைகள் அதை உணரும். என் கைகள் உணர்ந்ததில்லை. என்னைவிட வேகமாக ஓட்டுகிறவர்கள் உணர்வதாகச் சொல்கிறார்கள்.

குவெஸ்டில் இன்னொரு சிக்கல் பேட்டரி. இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் தாங்கும். கணினியின் யு.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் பல வேளைகளில் செலவுக்கு ஈடாவதில்லை; கம்பி மாட்டியிருந்தும் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். தலையின் பின்புறம் கூடுதல் பேட்டரி வைத்த பட்டையை வாங்கினால் இந்தக் கவலையும் தீரும், முன்பாரமும் சமநிலைக்கு வரும். பெட்டியில் வரும் துணிப்பட்டையோடு நீண்ட பந்தயம் ஓட்ட நினைப்பது வீண்.

மடிக்கணினிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிஸ்பிளேபோர்ட் கேட்கும் ஹெட்செட்டுகள் எச்.டி.எம்.ஐ. துளையில் இயங்கா. மடிக்கணினியின் டைப்-சி துளை கிராபிக்ஸ் கார்டோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்யாமல் வாங்கினால், பெட்டியைத் திறந்த அன்றே திருப்பி அனுப்ப நேரும். குவெஸ்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எடையில் இங்கே சொன்ன எதுவும் பியாண்ட் 2-ஐ நெருங்க முடியாது. 107 கிராம். குவெஸ்ட் 3 515 கிராம். கிரிஸ்டல் லைட் 800-க்கு மேல். எட்டுக்கு ஒன்று என்ற இந்த வேறுபாட்டைக் கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து அறிய முடியாது. தொண்ணூறாவது நிமிடத்தில் கன்னத்து எலும்பு சொல்லும். நீண்ட பந்தயங்களில் முறைவைத்து ஓட்டுகிறவர்களும், கடல் கடக்கும் விமானப் பயணங்களை நிஜ நேரத்திலேயே முடித்துத் தீர வேண்டும் என்ற பிடிவாதக்காரர்களும் எடையை முதல் அளவுகோலாகக் கொள்ளலாம்.

பியாண்டின் திரை மைக்ரோ ஓ.எல்.இ.டி., கண்ணுக்கு 2560 பெருக்கல் 2560. இருட்டு அதில் உண்மையான இருட்டு. இரவில் ஓடுபாதை விளக்குகளை நோக்கி இறங்குகிறவரும், எலைட் டேஞ்சரஸில் விண்வெளியில் திரிகிறவரும் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் எல்.சி.டி.யின் சாம்பல் நிறக் கறுப்புக்குத் திரும்ப மனம் வராது. கிரிஸ்டல் லைட்டிலும் பின்னொளியைப் பகுதி பகுதியாக அணைக்கும் வகை உண்டு. கறுப்பு நன்றாகவே வருகிறது, ஆனால் ஒற்றை விளக்கைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படரும். பியாண்டுக்கும் விலைகள் உண்டு, பணமல்லாத விலைகள். முழுத் தெளிவு 75 ஹெர்ட்ஸில்தான், அதாவது விநாடிக்கு 75 படத்தில்தான்; 90-க்குப் போனால் வரும் படம் சிறிதாகிப் பெரிதாக்கிக் காட்டப்படும். தலை எங்கிருக்கிறது என்று அறிய அறையின் மூலைகளில் லைட்ஹவுஸ் நிலையங்களைப் பொருத்த வேண்டும், அவற்றைத் தனியே வாங்க வேண்டும். முக மெத்தையை முகத்தை ஸ்கேன் செய்து உங்களுக்கென்றே அச்சிட்டு வாங்கினால், வீட்டில் வேறு யாருக்கும் அது பொருந்தாது. அதை ஒரு நன்மையாகக் கருதுகிறவர்களையும் எனக்குத் தெரியும்.

லைட்ஹவுஸ் நிலையங்கள் வேண்டாத சுமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஹெட்செட்டில் உள்ள கேமராக்களே அறையைப் பார்த்து இடத்தை அறியும் முறை எளிது. எதையும் சுவரில் திருக வேண்டாம். ஆனால் அந்த முறைக்கு அறையில் வெளிச்சம் வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்கு அது சரிவராது. அசையும் இருக்கை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: இருக்கை முன்னே சாயும்போது ஹெட்செட் அதை உங்கள் தலையசைவு என்று எண்ணிக் காட்சியையும் சாய்த்துவிடும். இருக்கையின் அசைவைத் தனியே அளந்து கழிக்கும் மென்பொருள்கள் இதற்காகவே இருக்கின்றன. அசையும் இருக்கை வாங்கும் திட்டம் இருந்தால், அந்த மென்பொருளில் எந்த ஹெட்செட் சிக்கலில்லாமல் ஒத்துழைக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள்.

பிளேஸ்டேஷன் வி.ஆர். 2-ஐ இதுவரை ஓரமாக வைத்திருந்தேன். பிளேஸ்டேஷன் 5-ம் ஸ்டியரிங்கும் வைத்திருந்து கிரான் டூரிஸ்மோ 7 ஓட்டுகிறவருக்கு வேறு எதுவும் தேவையில்லை. கணினியின் அமைப்புகளோடு மல்லுக்கட்டாமல், உட்கார்ந்த உடனே ஓடும் சிமுலேட்டர் அது. கணினியில் அதை இணைக்கும் அடாப்டர் 2024 ஆகஸ்டில் வந்தது. அப்படி இணைத்தால் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர்., கண் பின்தொடர்தல் இரண்டையும் சோனியின் அதிகாரப்பூர்வ வழி தருவதில்லை. ஓ.எல்.இ.டி. நிறங்கள் கண்ணைப் பறிக்கும். ஃபிரெனல் லென்ஸ் கண்ணை உறுத்தும். பிளேஸ்டேஷனும் கணினியும் இரண்டும் இருப்பவருக்கு நல்ல நடுவழி. கணினி மட்டும் இருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பழைய ஹெட்செட்டைக் குறைந்த தொகைக்குத் தேடுகிறவர்களின் கண்ணில் எச்.பி. ரிவெர்ப் ஜி2 அடிக்கடி படும். கண்ணுக்கு 2160 பெருக்கல் 2160. 2020-இல் வந்தபோது விமானிகளின் செல்லப்பிள்ளை. அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு நீக்கிவிட்டது. கருவியில் பழுதில்லை, ஆனால் புதிய விண்டோஸில் அதற்கு வாசல் இல்லை. பிறகு தனிநபர் முயற்சியில் வந்த ஒயாசிஸ் டிரைவர் என்விடியா கார்டுகளில் அதற்கு உயிர் கொடுத்தது. விவரம் தெரிந்து வாங்குபவருக்கு லாபம்; விளம்பரத்தைப் பார்த்து வாங்குபவருக்குச் சுவரில் மாட்டும் அலங்காரம். 2019-இன் வால்வ் இண்டெக்ஸும் அப்படித்தான் வலைவீசும். பார்வைப் பரப்பு விசாலம், 144 ஹெர்ட்ஸ், நல்ல ஒலி. ஆனால் கண்ணுக்கு 1440 பெருக்கல் 1600 என்ற திரையில் விமானக் கருவிகளைப் படிக்க இன்று யாருக்கும் பொறுமை இருக்காது.

மூன்று திரைகளை வளைத்து வைப்பதையும் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் சிலருக்கு அதுவே சரி. தண்ணீர் குடிக்கலாம், விசைப்பலகையைப் பார்க்கலாம், குமட்டல் இல்லை. நிஜப் பொத்தான்கள் நிறைந்த விமானி அறையைக் கட்டியிருப்பவர் ஹெட்செட் போட்டால் தன் உழைப்பையே தன்னிடமிருந்து மறைத்துக்கொள்கிறார். ஆனால் கொண்டையூசி வளைவில் திரும்புமுன் அதன் உட்புறத்தைத் தலை திருப்பிப் பார்ப்பது, ஓடுபாதை தோளுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்று நோக்கித் திருப்பத்தைத் தொடங்குவது, வானில் எரிபொருள் நிரப்பும் குழாய்க்கு இன்னும் எத்தனை அடி என்று கண்ணால் அளப்பது ஆகியவற்றை எந்தத் தட்டைத் திரையும் தராது. விமானத்துக்குத் திரைகளா ஹெட்செட்டா என்றால் தயங்காமல் ஹெட்செட். காருக்கு மட்டும் ஒரு வாரம் யோசிக்கச் சொல்வேன்.

எனவே என் தீர்ப்பு இப்படிப் போகும். முதல் ஹெட்செட், நடுத்தரக் கணினி, காரும் விமானமும் கலந்து ஓட்டுவது: குவெஸ்ட் 3, கூடவே நல்ல பட்டை. விமானம்தான் உயிர், கார்டும் வலுவானது: கிரிஸ்டல் லைட், அதன் மென்பொருளில் உள்ள ஏராளமான அமைப்புகளோடு இரண்டு மாலைகள் செலவழிக்கத் தயாராக இருங்கள். நீண்ட அமர்வுகள், இரவும் விண்வெளியும், சுவரில் நிலையம் பொருத்தத் தயக்கமில்லை: பியாண்ட் 2. சூப்பரை உயர்தரக் கார்டை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு மட்டும் சொல்வேன். 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் ஃபிரேமுக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2160 பெருக்கல் 2160 என்ற அதன் திரை குவெஸ்ட் 3-ஐ ஒட்டியதுதான். அதன் சிறப்பு கம்பியில்லா இணைப்பில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு தேவை என்பதை மேலே பார்த்தோம்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் எதை வாங்கினாலும், தங்கள் பார்வைக்கேற்ற லென்ஸ் செருகியையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். நான் நான்கு மாதம் தள்ளிப்போட்டு, ஹெட்செட்டின் லென்ஸில் என் கண்ணாடிச் சட்டம் போட்ட கீறலை இன்றும் ஒவ்வொரு தரையிறக்கத்திலும் ஓடுபாதையின் இடப்பக்கம் பார்க்கிறேன்.